ஸ்டைலுக்கு வெட்டிய கியர் ராடு

போன மாதம் காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு சந்தைக்குப் போவது எனக்கு ஓர் உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ஒரு பானை புளி இருக்கும். ஆனாலும் புளி விலை கேட்டுவிட்டு வந்தால்தான் அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும். இரண்டு கையிலும் பையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது, "பெரியம்மா, இங்க வாங்க" என்று சத்தம் கேட்டது. என் தங்கை மகன் பிரவீன். சாலையோர வெல்டிங் பட்டறை ஒன்றின் முன்னால் அவனுடைய கார் நின்றது. அவனைவிட வயதில் மூத்த கார். மூன்று பேரிடம் உழைத்துக் களைத்து அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சம்பளத்தில் பாதியை அதற்கே செலவழிக்கிறான் என்று என் தங்கை புலம்பாத நாள் கிடையாது.

காரின் கியர் ராடைக் கழற்றி வைஸில் இறுக்கி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் ஹேக்ஸா பிளேடால் அதை அறுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கறத எதுக்குடா அறுக்கறீங்க?"

"நீளமா இருக்குது பெரியம்மா. குட்டையாக்கிட்டா கை அவ்ளோ தூரம் போவ வேண்டியதில்ல. ரெண்டு விரல்ல தட்டுனா கியர் விழும். பாக்கவும் ஸ்டைலா இருக்கும்."

அவன் சொன்ன அந்த 'ஸ்டைல்' காரணமா, அறுபடும் இரும்பில் எண்ணெய் கருகும் வாசனை காரணமா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிரவீன் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தான். "சுகர் கொறஞ்சிருச்சா பெரியம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. பொய் சொல்வது எனக்கு ஒன்றும் புதிதல்ல. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எனக்கு முதல் வேலை வத்தல்மலையில். கிராம சுகாதாரச் செவிலியர். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அரசாங்க வேலைக்குப் போனதில்லை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், ஞாயிற்றுக்கிழமை பூசை, அவ்வளவுதான் உலகம். நான் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட முதல் நாள், சுற்றுப்பட்டில் இருந்த வியாதியெல்லாம் என்னைக் கண்டு ஓடப்போகிறது என்று உண்மையாகவே நினைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மலைக்கு அப்போது தார்ச்சாலை இல்லை. கல்லும் மண்ணுமாக ஒரு ஜீப்புப் பாதை, கொண்டை ஊசி கொண்டை ஊசியாக மேலே ஏறும். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் கட்டி அடுக்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவேன். அந்தப் பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு. ஈர பிளாஸ்டிக்கும் மருந்தும் கலந்த வாசனை. கோடையில் அதன் குளிர்ச்சி அடிவயிற்றில் இறங்கும். இன்றைக்கும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் எனக்கு அந்த ஜீப்புதான் நினைவுக்கு வருகிறது.

ஜீப்பை ஓட்டியவர் மாதையன். நான் மாதண்ணன் என்று கூப்பிடுவேன். நாற்பதை நெருங்கிய ஆள், கம்பைநல்லூர்க்காரர். வண்டி அவருடையதல்ல. அடிவாரத்தில் இருந்த ஒருவருக்குச் சொந்தம். இவர் சம்பளத்துக்கு ஓட்டினார். அதிகம் பேசமாட்டார். மேலே போகும்போது ராகி மூட்டைகளுக்கு நடுவே பிள்ளைகளைப் பத்திரமாக உட்கார வைப்பார். கீழே வரும்போது பலாப்பழங்களுக்கு நடுவே பெரியவர்களைப் பத்திரமாக உட்கார வைப்பார். அரசாங்க ஊழியர் என்ற மரியாதைக்கு எனக்கு எப்போதும் முன்சீட்டு. ஓரத்தில் உட்கார்ந்தால் கதவில்லாத வண்டியிலிருந்து பெட்டியோடு நானும் பள்ளத்துக்குப் போய்விடுவேன் என்று, ஓரத்தில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்து, என்னை நடுவில் வைப்பார்.

நடுவில்தான் கியர் ராடு இருந்தது.

நீங்கள் பழைய ஜீப்பைப் பார்த்திருந்தால் தெரியும். தரையிலிருந்து வளைந்து கிளம்பி உட்கார்ந்திருப்பவரின் வயிற்று உயரம் வரைக்கும் வரும். உச்சியில் ஒரு கறுப்பு உருண்டை. இரண்டு காலையும் ஒரு பக்கமாகத் திருகி வைத்துக்கொண்டு, மேலே பெட்டியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மலைப்பாதையில் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உருண்டையும் அதைப் பிடித்த கையும் என் தொடையில் வந்து இடிக்கும். "மன்னிச்சிக்குங்க நர்ஸம்மா" என்பார். ஒரு பயணத்தில் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்க முடியும்? கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டு, கையைப் பின்னால் இழுக்கும்போது முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். வளைவுப் பாதையில் டிரைவர் ரோட்டைப் பார்க்காமல் இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒருநாள் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஒருத்தன், "டிரைவரண்ணன் கை குடுத்து வெச்ச கைடா" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாதண்ணன் வண்டியை நிறுத்தினார். "எறங்கு" என்றார். "சும்மா சொன்னேங்கண்ணா" என்றான் அவன். "எறங்குடா. நடந்து வா." அவன் இறங்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. நான் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் வண்டியில் ஆள் ஏறுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன்.

"அண்ணா, இந்தக் கம்பிய ஒண்ணும் பண்ண முடியாதா?"

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "வெட்டிக் கொறைக்கலாங்க நர்ஸம்மா. ஆனா..."

"ஆனா என்னாங்கண்ணா?"

"ஒண்ணுமில்லைங்க. பண்ணிரலாங்க."

அந்த 'ஆனா'வை நான் அன்றைக்கு விட்டுவிட்டேன். விடாமல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த வண்டியின் கியர் பெட்டி தேய்ந்து போயிருந்தது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரும்போது கியர் தானாக வழுக்கி நியூட்ரலுக்கு வந்துவிடும். இறக்கத்தில் கியர் இல்லாத வண்டி பிரேக்கை மட்டும் நம்பி ஓடும் வண்டி. அதனால் அவர் கியரை முன்னுக்குத் தள்ளிவிட்டு, இடது முட்டியை அதற்குப் பின்னால் முட்டுக் கொடுத்து வைத்துக்கொள்வார். மலை இறங்கும் வரைக்கும் முட்டியை எடுக்க மாட்டார். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கால் வலிக்கு அப்படி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸ் அல்லவா, கால் வலி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை அடிவாரத்துக்குப் போனபோது ஜீப்பு பட்டறையில் நின்றது. மாதண்ணன் ராடின் ஒரு முனையைப் பிடித்திருக்க, பட்டறைக்காரர் அறுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஜாண் நீளத்தை எடுத்துவிட்டு, உருண்டை மாட்டும் மேல்பாகத்தைத் திரும்ப வைத்துப் பற்றவைத்தார்கள். பற்றவைத்த இடம், அவசரத்தில் தையல் போட்ட காயம் மாதிரி மேடு தட்டியிருந்தது.

அன்று மலைக்குப் போகும்போது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கம்பி என் முட்டிக்குக் கீழேயே அடங்கிவிட்டது. "இப்ப பரவால்லைங்களா?" என்று ஒரே தடவை கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன். கியர் போட அவர் ஒவ்வொரு தடவையும் தோளைச் சாய்த்துக் குனிய வேண்டியிருந்தது. நீளமாக இருந்தபோது லேசாக விழுந்த கியருக்கு இப்போது பலம் தேவைப்பட்டது. இறங்கும்போது முட்டி எட்டவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ராடின் கழுத்தில் ஒரு முனையும் முன்பலகைக் கைப்பிடியில் மறுமுனையுமாக இழுத்துக் கட்டிக்கொண்டார். நல்ல யோசனை என்று நான் வேறு பாராட்டினேன்.

ஆறேழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மழைக்காலம் வந்தது.

மேலே மல்லிகா என்று ஒரு பெண். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. தலைப்பிரசவம். அந்தப் புதன்கிழமை பரிசோதித்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றேன். அவள் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வூட்ல எல்லாரும் இங்கதான் பெத்தோம். மழையில எங்க கூட்டிக்கினு போறது?" என்றார். நான் விடவில்லை. புருசன்காரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பயமுறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு உயிர், போகாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை என்றேன். நான் சொன்னது தப்பில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பின்னால் குலுக்கல் அதிகம் என்று மல்லிகாவை முன்சீட்டில் நடுவில் உட்கார வைத்தேன். கம்பி நீளமாக இருந்திருந்தால் நிறைமாதக்காரியை அங்கே உட்கார வைத்திருக்கவே முடியாது. அவளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பெட்டியோடு நான். பின்னால் அவள் புருசனும் இன்னும் ஐந்தாறு பேரும். இழுத்துக் கட்டிய ரப்பர் மல்லிகாவின் முட்டியை அழுத்தியது. அவள் அதைக் கையால் விலக்கிப் பார்த்தாள். மாதண்ணன் அதைக் கவனித்துவிட்டு ரப்பரைக் கழற்றி மேலே போட்டார். "நான் கையில புடிச்சிக்கறேன். நீ நல்லா ஒக்காரும்மா" என்றார்.

பாதி தூரம் அப்படியே வந்தோம். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் ராடு. தூறல் விடவில்லை. நடுவழியில் வலது பக்கம் ஒரு பெரும்பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி முழு வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம். அந்த வளைவை ஒரு கையால் திருப்ப முடியாது. வண்டியைத் தயார் செய்வதற்காக அவர் இடது கையையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். டொக் என்று ஒரு சத்தம். வண்டி இலேசாகிவிட்டது. இலேசாவது என்றால் என்ன என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்தது.

அவர் குனிந்து ராடைத் தள்ளினார். கியர் பெட்டி கரகரவென்று அரைத்தது, விழவில்லை. மறுபடி தள்ளினார். பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார். சக்கரம் சேற்றில் வழுக்கியது. "புடிச்சிக்கங்க" என்று கத்திவிட்டு, வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் வலது பக்கம் ஒடித்துப் பாறையில் மோதினார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம்தான் முதலில் போய் இடித்தது. அதை அவர் தெரிந்துதான் செய்தார்.

என் மடியில் இருந்த பெட்டி நசுங்கியதால் எனக்கு மணிக்கட்டு முறிவோடு போயிற்று. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. மாதண்ணனின் வலது முட்டி சிதறிப்போயிருந்தது. மல்லிகாவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, முன்பலகையின் இரும்பு விளிம்பைத் தவிர. அவளைப் புடவையில் கட்டித் தூளி மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே என் விரலுக்கு அடியில் நாடி நின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் பிடித்தபடியே போனேன். குழந்தையும் இல்லை.

ஜீப்பைப் பரிசோதிக்க அதிகாரி வந்தார். பற்றவைத்த ராடு அவர் கண்ணில் முதலில் பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாதண்ணனிடம் கேட்டார். நான் பக்கத்து வார்டிலிருந்து கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றிருந்தேன்.

"இதை யாருய்யா வெட்டுனது?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். "ஸ்டைலுக்கு வெட்டுனேனுங்க."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். வண்டிக்குச் சொந்தக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டைலுக்காக ஒரு டிரைவர் செய்த வேலையால் இரண்டு உயிர் போனது என்று ஊரெல்லாம் பேச்சு. மல்லிகாவின் புருசன் கட்டிலில் கிடந்தவரை வந்து அடித்தான் என்று கேள்விப்பட்டேன்.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. நான் சாட்சி. அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஓலை வாசித்த வாரம் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். கியர் ராடை வெட்டியது ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று வக்கீல் கேட்டார். தொடையில் இடித்த கம்பி, திருப்பிக்கொண்ட முகம், பின்னாலிருந்து வந்த சிரிப்பு, இதையெல்லாம் அத்தனை ஆண்கள் நடுவில் சொல்ல வேண்டும். அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என்னவாக மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தெரியாதுங்க" என்றேன்.

வெளியே வந்தபோது அவர் கம்பை ஊன்றிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். "கல்யாணம்னு சொன்னாங்க. சந்தோசங்க நர்ஸம்மா" என்றார். "அந்த ரப்பர நாந்தானுங்க கழட்டுனேன்" என்றார் பிறகு, ஏதோ நான் கேட்ட மாதிரி. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. லைசென்ஸ் போயிற்று. லைசென்ஸ் இருந்தாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு பிரேக் மிதித்திருக்க முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் அல்லவா. பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று மந்திரம் சொல்லச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு எழுந்து வந்தேன். அது அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம்.

பல வருடம் கழித்து எனக்குக் கம்பைநல்லூருக்கு மாற்றல் வந்தது. விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே, சாலையை ஒட்டி, ஓடு வேய்ந்த சின்ன வீடு. அவர் மனைவிதான் இருந்தார். மாதண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருந்து, மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றார். என்னை யாரென்று தெரிந்துகொண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஸ்டைலுக்கு வெட்டுனாராம். சாவற வரைக்கும் அதையேதான் சொன்னாரு. ஒரு சீப்பு கூட வெச்சிக்காத மனுசனுங்க. கல்யாணத்துக்கே நாந்தான் தலை வாரி வுட்டேன். அவுரு ஸ்டைலுக்கு வெட்டுனாருன்னா நம்பற மாதிரியா இருக்குது? யாரோ சொல்லித்தான் வெட்டியிருக்காரு. நீங்க வண்டியில போய்க்கினு இருந்தவங்கதானே. உங்களுக்குத் தெரியுங்களா?"

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதை முழுவதும் குடித்தேன். குடித்து முடிக்கும் வரைக்கும் நேரம் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதுங்க" என்றேன். கோர்ட்டில் சொன்ன அதே குரலில்.

காரிமங்கலத்தில் சோடா குடித்த அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு. என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே போனதில், பக்கத்து சீட்டுப் பெண் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

வழியில் தூரத்தில் மலை தெரிந்தது. இப்போது உச்சிவரைக்கும் தார்ச்சாலை, பஸ் போகிறது. வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறது. வலி வந்தால் போன் செய்கிறார்கள், வண்டி வருகிறது. சாலையை அகலப்படுத்தும்போது அந்தப் பெரும்பாறையை வெடி வைத்து எடுத்துவிட்டார்கள். அந்த வளைவு எது என்று என்னாலேயே இப்போது அடையாளம் சொல்ல முடியாது. மேலே பிள்ளைகளிடம் மல்லிகா என்றால் எந்த மல்லிகா என்று கேட்பார்கள்.

கம்பைநல்லூரில் இறங்கி நடந்தேன். வீடு இல்லை. அங்கேயும் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். வாசல் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. எதிர்ப்புறம் டீக்கடையில் விசாரித்தேன்.

"அந்தம்மாங்களா? மக வூட்டுக்குப் போயிட்டாங்க. பெங்களூர் பக்கம்."

"பெங்களூர்ல எங்கங்க?"

"அது தெரியலைங்களே. சொந்தக்காரங்களாங்க நீங்க?"

இல்லை என்றேன். முதல் தடவையாக உண்மை சொன்னேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்த பஸ் வரும் வரைக்கும் நின்றேன்.